ஆர்க்கிட்டுக்கு எந்த உரம்: ஆல் 19-ஆ, குருணையா, மீன் அமிலமா?

சென்னைப் பால்கனிகளில் ஆர்க்கிட் என்றால் பெரும்பாலும் டென்ட்ரோபியம்தான். கொஞ்சம் ஆர்வம் முற்றியவர்களிடம் மொக்காராவும் வாண்டாவும் தொங்கும். வீட்டுக்குள் ஜன்னலோரம் ஒரு பெலனாப்சிஸ் இருக்கும். செடி வாங்கும்போதே நர்சரியில் "ஆர்க்கிட் ஸ்பெஷல்" என்று ஒரு சின்ன பாட்டிலையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அது தீர்ந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பம். உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் ஆல் 19 (19:19:19 கலப்பு உரம்) போதுமா? ஆன்லைனில் வரும், மெல்ல மெல்லச் சத்தை விடும் குருணை நல்லதா? மாடித்தோட்டக்காரர்கள் எல்லாரும் சொல்லும் மீன் அமிலத்தை ஊற்றிவிடலாமா?

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரித்துண்டிலும் ஓட்டுச்சில்லிலும் நிற்கிற செடிக்கு ஆல் 19, கால்சியம் நைட்ரேட் இரண்டையும் வாரம் மாற்றி வாரம், ரொம்ப நீர்க்கக் கரைத்து ஊற்றுவதுதான் சரி. ஆனால் உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். தண்ணீரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் செடிகள் காட்டில் மண்ணில் வளர்வதில்லை, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஓர் உறை இருக்கும். நனைந்ததும் அது பச்சையாகும். மழைநீரையும், பட்டையில் வழிந்துவரும் மிகக் குறைந்த சத்தையும் சட்டென்று உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. அதனால் ஒரேயடியாக நிறையப் போட்டால் தாங்காது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் செழிக்கும். எந்த உரம் என்றாலும் முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உரத்தண்ணீரை ஊற்றுவது பாதுகாப்பு.

ஆல் 19: மலிவு, ஆனால் முழுச் சாப்பாடு அல்ல

19:19:19 என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமம் என்று படிக்கிறோம். உண்மையில் மணிச்சத்து பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கிலும், சாம்பல்சத்து பொட்டாசியம் ஆக்சைடு கணக்கிலும் போடப்படுகின்றன. தனிமமாகப் பார்த்தால் பாஸ்பரஸ் சுமார் 8 சதவீதம், பொட்டாசியம் சுமார் 16. அந்த 8 சதவீதமே ஆர்க்கிட்டுக்கு அதிகம்தான். எடுத்துக்கொண்டது போக மிச்சம் தொட்டியின் அடி ஓட்டை வழியாகப் போய்விடும்.

அளவுக் கணக்கு சுலபம். லிட்டருக்கு அரை கிராம் போட்டால் தழைச்சத்து 95 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 95 மில்லிகிராம் வரும். வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை கொடுக்க அது தாராளம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் என்பதால், 10 லிட்டர் வாளிக்கு ஒரு டீஸ்பூன். பாக்கெட்டில் லிட்டருக்கு 5 கிராம் என்று போட்டிருந்தால் அது வயலுக்கான கணக்கு, அதைத் தொடவே வேண்டாம்.

பத்துத் தொட்டிக்கு வாரம் 2 லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 50 கிராம் சொச்சம். ஒரு கிலோ பாக்கெட் 19 வருஷம் வரும்! அதற்குள் ஈரம் இழுத்துக் கல்லாகிவிடும் என்பது வேறு விஷயம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் பங்கு போட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். விலையில் இதோடு போட்டி போட எதுவும் இல்லை. ஆர்க்கிட் ஸ்பெஷல் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பல பாட்டில்களில் இதே மூன்று சத்துகள்தான் (என்பிகே) தண்ணீரில் கரைந்து, சாயம் ஏறி உட்கார்ந்திருக்கும்.

குறைகள் இரண்டு. ஒன்று, இதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கலாம். வேர் யூரியாவை ஓரளவு நேரடியாக எடுத்துக்கொள்ளும்தான். ஆனாலும் மண்ணில் யூரியாவை உடைத்துக் கொடுக்க நுண்ணுயிர்கள் கூட்டமாக இருக்கும், கரித்துண்டில் அந்தக் கூட்டம் குறைவு. செடி எடுப்பதற்குள் அடுத்த தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, இதில் கால்சியமும் மக்னீசியமும் கிடையாது. புதிதாக வரும் குருத்தின் நுனி கறுத்துக் கருகினால் பலரும் பூஞ்சை என்று மருந்தடிக்கிறார்கள். கால்சியம் போதாமலும் அப்படி ஆகும்.

கால்சியம் நைட்ரேட் இந்தக் குறைகளில் மக்னீசியம் தவிர மற்றதை அடைக்கிறது. 15.5 சதவீதத் தழைச்சத்து, கிட்டத்தட்ட எல்லாமே நைட்ரேட். கூடவே 18 சதவீதத்துக்கு மேல் கால்சியம். இதையும் லிட்டருக்கு அரை கிராம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆல் 19-ஐயும் இதையும் கெட்டியாகக் கரைத்து ஒன்றாகக் கலக்காதீர்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்கு இரண்டுமே கிடைக்காது. கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடு (மக்னீசியம் சல்பேட்) கெட்டியாகக் கலந்தாலும் இதே கதைதான். மாதம் ஒருமுறை எப்சம் உப்பை லிட்டருக்குக் கால் கிராம் தனியாகக் கொடுத்தால் மக்னீசியமும் ஆயிற்று.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் 13-3-15 கலவையை ஆர்க்கிட்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். சுத்தத் தண்ணீருக்கென்று பாஸ்பரஸைக் குறைத்து, கால்சியம், மக்னீசியம் சேர்த்துச் செய்தது அது. அச்சாக அதே கலவை வராவிட்டாலும், நம் உரக்கடையின் இந்த மூன்று பொட்டலங்களும் மாறி மாறிப் போனால் அந்தத் திசையில்தான் போகிறோம்.

குருணை உரம்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஆஸ்மோகோட் போன்ற பூச்சுக் குருணைகளில் உரத்தின் மேல் பிசின் உறை இருக்கும். ஈரம் உள்ளே போய், சத்து மெல்லக் கசிந்து வரும். ஒருமுறை போட்டால் மாதக்கணக்கில் மறந்துவிடலாம் என்பதுதான் கவர்ச்சி. ஆனால் கசிவின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். பெட்டியில் 5–6 மாதம் என்று போட்டிருப்பது 21 டிகிரிக்கான கணக்கு. சென்னையில் 21 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. 32 டிகிரியில் அதே குருணை 3–4 மாதத்தில் தீர்ந்துவிடும். அதாவது, செடி வெயிலில் வாடிச் சோர்ந்திருக்கும் மே மாதத்தில்தான் உரம் அதிகமாக இறங்கும். தேவையும் வரவும் நேர் எதிர்.

இன்னொரு தொல்லை, கரித்துண்டுகளின் இடுக்கு வழியாக உருண்டைகள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், இல்லையென்றால் வேரோடு ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் பொசுக்கும். சின்ன வலைப்பையில் கட்டி மேலே வைத்தால் இது தீரும், வேண்டாதபோது எடுத்தும் விடலாம். ஏசி ஓடுகிற அறையில் இருக்கும் பெலனாப்சிஸுக்கு மட்டும் குருணை நன்றாகவே பொருந்துகிறது, அங்கே வெப்பநிலை பெட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் இருப்பதால். மொட்டை மாடி வாண்டாவுக்கு வேண்டாம்.

மீன் அமிலமும் அதன் உறவினர்களும்

இதில்தான் வாக்குவாதம் சூடு பிடிக்கும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை போட்டு ஊறவைக்கும் மீன் அமிலத்தில் தழைச்சத்து உண்டு, வேலையும் செய்யும். கத்தரிக்கும் ரோஜாவுக்கும் அதை ஊற்றிப் பலன் கண்டவர் ஆர்க்கிட்டுக்கும் ஊற்ற நினைப்பது நியாயம்தான். ஆனால் அங்கே மண் இருந்தது. இயற்கை உரம் எதுவானாலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்துத் தந்த பிறகுதான் வேர் எடுக்கும். கரியிலும் சில்லிலும் அது மெதுவாக நடக்கும், மிச்சம் வேரில் பிசுக்காகப் படியும். வெல்லத்துக்கு எறும்பு வரும், வாசனைக்குப் பூனை வரும், கீழ்வீட்டுக்காரர் கொடியில் துணி காயப்போட்டிருந்தால் அவரும் வருவார். அதோடு ஜாடிக்கு ஜாடி சத்து மாறும், இந்த வாரம் எவ்வளவு கொடுத்தோம் என்று உங்களுக்கே தெரியாது.

கேரளத்தில் சாணிக் கரைசலும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தெளிவும் ஊற்றி டென்ட்ரோபியத்தை அள்ளி அள்ளிப் பூக்க வைக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே தேங்காய் மட்டையில், திறந்த நிழல்வலையின் கீழ் வளர்க்கிறார்கள். மட்டையில் நுண்ணுயிர்கள் தங்கும், அடிக்கிற மழை படிவைக் கழுவிவிடும். கூடவே ரசாயனத் தெளிப்பும் உண்டு. வளரும்போது 3:1:1, பூக்கும் பருவத்தில் 1:2:2 என்ற விகிதம் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. உங்களுக்கும் மட்டை, திறந்த இடம், நல்ல மழை மூன்றும் இருந்தால் தாராளமாகச் சாணித் தெளிவுக்குப் போகலாம். மட்டை சீக்கிரம் மக்கும், மாற்றவேண்டி வரும், அவ்வளவுதான். அடுக்குமாடிப் பால்கனிக்கு மீன் அமிலம் என்றால் வடிகட்டி, லிட்டருக்கு ஒரு மில்லி, இலையில் தெளிப்பாக, இடையிடையே. அதற்கு மேல் போக மாட்டேன்.

கடற்பாசிச் சாறு தனி ரகம். ராமநாதபுரம் கடலோரத்தில் மகளிர் குழுக்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. இதில் பொட்டாசியம் உண்டு, தழைச்சத்து சொற்பம். உரமாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். புதிதாக மாற்றி நட்ட செடி வேர்விட உதவியாக நினைத்தால் காசுக்கு நஷ்டமில்லை.

சமையலறைச் சரக்குகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீரில் சத்தைவிட மாவு அதிகம், தொட்டியில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். வாழைப்பழத்தோல் ஊறலில் பொட்டாசியம் உண்டு, தழைச்சத்து இல்லை. முட்டை ஓட்டுத் தூள் சாதாரணத் தண்ணீரில் கரையவே கரையாது.

பூக்க வைக்கும் உரம்?

10:30:20, 0:52:34 போன்றவற்றை "பூ உரம்" என்று விற்கிறார்கள். மொட்டு வராததற்குக் காரணம் பாஸ்பரஸ் குறைவு என்பது ஆர்க்கிட்டில் அநேகமாக நடக்காத விஷயம். பெலனாப்சிஸ் மொட்டுத்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழான குளுமை வேண்டும். டென்ட்ரோபியத்துக்கு முதிர்ந்த தண்டும் வெளிச்சமும் வேண்டும். இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூவே இல்லை என்றால் உரத்தை மாற்றாதீர்கள், தொட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். சாம்பல்சத்தைக் கொஞ்சம் கூட்ட ஆசை என்றால் பூப்பருவத்தில் ஒரு வாரம் ஆல் 19-க்குப் பதில் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) கொடுக்கலாம்.

தண்ணீர்

சில நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். எந்த உரத்தைவிடவும் முதலில் வாங்கவேண்டியது அதுதான். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டும். அதில் லிட்டருக்கு அரை கிராம் என்ன, அரைக்கால் கிராம் உரம் போட்டாலும் வேர்நுனி கருகத்தான் செய்யும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம். வீணாகிறதே என்று ஆர்க்கிட்டுக்கு ஊற்றாதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரும் மழைநீரும் உப்பில்லாதவை, போர் தண்ணீரோடு கலந்து அளவை இறக்கலாம்.

தண்ணீருக்குத் தகுந்தபடி என் வரிசையும் மாறும். மழைநீர், ஏசி நீர், ஆர்.ஓ. குடிநீர் என்றால் கால்சியம் நைட்ரேட் கட்டாயம். 300–400 காட்டும் கடினநீர் என்றால் அதில் கால்சியம் ஏற்கெனவே இருக்கும், ஆல் 19 மட்டும் போதும், அதையும் கால் கிராமாகக் குறைத்து. மீட்டரை நம்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூரியா கரைந்தால் மீட்டரில் தெரியாது, அது மின்சாரத்தைக் கடத்தும் உப்பு அல்ல. ஆல் 19 கரைத்த தண்ணீரின் எண் குறைவாகக் காட்டுகிறதே என்று இன்னொரு டீஸ்பூன் போட்டுவிடக் கூடாது.

கரித்துண்டின் மேல் வெள்ளைப் பொரிவு தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை உரமில்லாத நல்ல தண்ணீரைத் தொட்டியின் அளவைப் போல மூன்று, நான்கு மடங்கு ஊற்றி வடிய விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் உரத்தைப் பாதியாக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே இருக்கும் செடிக்கு எதுவும் போட வேண்டாம், தொட்டியை அப்படியே நனையவிட்டால் கழுவும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.