17 ஃபீல்டு டெஸ்டுகளுக்குப் பிறகு

கிளாக்கோமா (கண் நரம்பு மெல்லச் சிதைந்து பார்வைப் பரப்பு சுருங்கும் நோய்) இருப்பதாகப் புதிதாக அறிந்த நண்பர் ஒருவர், ஃபீல்டு டெஸ்டை, அதாவது கிண்ணத்துக்குள் ஆங்காங்கே மின்னும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டிய பார்வைப் பரப்புச் சோதனையை, நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். 9 ஆண்டுகளில் 17 முறை அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தவன் என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் எரிச்சலெல்லாம் அறிக்கையின் மேல் ஓரத்தில் 'ஃபிக்சேஷன் லாஸ்' என்று அச்சாகும் ஒற்றை வரியின் மீதுதான். சென்ற முறை வலக் கண்ணுக்கு அதில் 9/16 என்று, அதாவது சோதித்த 16 முறையில் 9 முறை பார்வை விலகியதாக, வந்தது. நடுவிலிருந்த மஞ்சள் விளக்கைவிட்டு நான் கண்ணை எடுக்கவேயில்லை. ஆனாலும், "அங்கே இங்கே பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் சார்" என்று டெக்னீஷியன் கடிந்துகொண்டார். இயற்கையிலேயே எல்லோர் கண்ணிலும் இருக்கும், ஒளியை உணராத குருட்டுப்புள்ளியைக் கருவி தொடக்கத்தில் கண்டறிந்து, பிறகு அவ்வப்போது அங்கே ஒளியைப் பாய்ச்சும். நாம் பொத்தானை அழுத்தினால் பார்வை விலகியதாகக் கணக்கிடும். இடையில் முகவாய் நழுவித் தலை சாய்ந்துவிட்டால் ஒளி குருட்டுப்புள்ளிக்கு வெளியே விழும், பழி நம் மேல் விழும். எனக்கு நடந்தது அதுதான் என்பதை, தாளின் அடியில் ஏறக்குறைய நேராக ஓடிய கண்ணசைவுக் கோட்டைக் காட்டி மருத்துவர் விளக்கினார். இரு வாரம் கழித்துத் தலையைச் சரியாக நிறுத்திச் செய்தபோது 1/15.

என் தவறும் உண்டு. பாதிப்பேயில்லாத கண்ணுக்கும் பல ஒளிப்புள்ளிகள் தெரியாதபடிதான் இச்சோதனை அமைந்துள்ளது என்பதை அறியாமல், முதல் ஆண்டில் பதற்றத்தில் தாளம்போடுவதுபோல் அழுத்தி, உள்ளதைவிட நல்ல கண்ணாகக் காட்டிக்கொண்டேன். பாதிக்கப்பட்ட இடங்களிலோ எண்கள் முறைக்கு முறை தாவும். ஒரே இடத்தில் 18 டெசிபெல் (எண் கூடினால் அங்கே மங்கிய ஒளியும் தெரிகிறது என்று பொருள்) ஒருமுறை, 9 மறுமுறை. ஆகவே தனித் தாளொன்றை வைத்துக்கொண்டு அழுவதும் வீண், ஆறுதலடைவதும் வீண். ஆனால் 17 தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பியபோது, மூக்கை ஒட்டிய மேற்பகுதியில், பார்வை குறைந்த இடத்தைக் காட்டும் கருமை மெல்லப் பரவியிருப்பது எனக்கே தெரிந்தது. என் மருந்தை மாற்றியதும் அதைப் பார்த்துத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நம்பலாமா என்று இன்று கேட்டால் எனக்கு 'இல்லை' என்றுதான் வாயில் வருகிறது. ஆனாலும், தாள்கள் சேரச் சேரத்தான் உண்மை தெரியும் என்பதால், நண்பர் தவறாமல் செய்துகொள்ளட்டும். களைத்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் சோதனை அப்படியே நிற்கும், கண் சிமிட்டி ஓய்வெடுக்கலாம். இதை எனக்கு ஒருவர் சொல்வதற்கு 6 ஆண்டுகள் ஆயின.