ரிச்சி தெருவில் பிழைத்த அப்பாவின் மடிக்கணினி

நான் சென்னை வந்து இறங்குவதற்கு நான்கு நாள் முன்பே அப்பாவின் மடிக்கணினி நின்றுபோயிருந்தது. பொத்தானை அழுத்தினால் சின்ன விளக்குகூட எரியவில்லை. 2017இல் ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன் நான் வாங்கிக் கொடுத்தது அது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தான் பிறந்த மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் உழவர்கள் புழங்கிய சொற்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார். அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. விமான நிலையத்திலிருந்து குரோம்பேட்டை வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சொற்களை எடுத்துவிட முடியுமா அம்மா?” என்பதுதான்.

2026 பொங்கலுக்கு முந்தைய வாரம். மறுநாள் காலையிலேயே மடிக்கணினியைச் செய்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டோக்கன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சோதித்துப் பார்க்கும் கட்டணம் வரியோடு 590 ரூபாய். ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். உள்ளிருக்கும் கோப்புகளுக்கு மையம் பொறுப்பில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அவர்கள் முன்னாலேயே ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எந்தச் சேவை மையத்துக்குப் போனாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். பழைய மாடல்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் போதும்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை, போய்விட்டது, புதியது 21,000 ரூபாய், வரி தனி, வந்து சேர இரண்டு வாரம். போர்டில் எந்தப் பாகம் போயிற்று என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகவே சொன்னார்: “மேடம், எங்களுக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. போர்டை மாற்ற மட்டும்தான் அனுமதி.” அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தொழிலாளியின் கையில் கருவியைக் கொடுக்காமல், பட்டியலில் இருக்கும் விலையை வாசிக்க மட்டும் பழக்குகிற நிறுவனத்தின் மேல்தான் கோபம். எட்டு வயதுக் கணினிக்கு 21,000 ரூபாய் போர்டு என்றால், அதற்கு அடுத்த வாசகம் என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் அவர் சொன்னார்: “இதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.”

நான் வேலை பார்ப்பது ஸ்டுட்கார்ட்டில், மின்னணுச் சுற்றுகளைச் சோதிக்கும் ஒரு பிரிவில். ஆகவே ‘போர்டு போய்விட்டது’ என்ற சொற்றொடரை நான் நம்புவதில்லை. ஒரு போர்டில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றோ இரண்டோதான் சாகும்.

அன்று பிற்பகலே கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினோம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ரிச்சி தெரு. கல்லூரிக் காலத்தில் மின்தடையங்களும் ஐசி சில்லுகளும் பொட்டலம் பொட்டலமாக வாங்கிய தெரு. இப்போது அண்ணாசாலைப் பக்கத்திலிருந்து நுழைந்தால் கைப்பேசி உறைகளும் கண்காணிப்பு கேமராக்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் மாடிப்படிகளில் ஏறினால் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்ற பலகைகள் இன்னும் தொங்குகின்றன. போர்டை மாற்றாமல், அதில் பழுதான சிறு பாகத்தை மட்டும் சரிசெய்யும் கடைகள் அவை. அப்படி ஒரு முதல் மாடி. பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று மேசைகள், ஒரு நுண்ணோக்கி, சுவர் முழுவதும் செத்த போர்டுகள்.

அங்கிருந்தவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அப்பாவுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள் ஐயா, உங்கள் முன்னாலேயே பார்க்கிறேன்” என்றார். எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது.

அடிமூடியைத் திறந்து, மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து மல்டிமீட்டர் முனையை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனார். 19 வோல்ட் பாதையில் மீட்டர் ‘பீப்’ என்றது. “ஷார்ட்” என்றார். அதாவது அந்தப் பாதை எங்கோ சுற்றின் கிரவுண்டோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை உள்ளேயே விடவில்லை. அந்தப் பாதையில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட மின்தேக்கிகள். எது குற்றவாளி? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போர்டு தாங்காது. அவர் மேசை மின்வழங்கியை ஒரே ஒரு வோல்ட்டுக்குக் குறைத்து, மின்னோட்டத்துக்கும் ஒரு வரம்பு வைத்து, அந்தப் பாதையில் கொடுத்தார். பிறகு போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினார். எங்கே ஷார்ட் இருக்கிறதோ அங்கேதான் மின்னோட்டம் முழுவதும் பாயும், அங்கேதான் சூடேறும். பத்து வினாடிகூட ஆகவில்லை. ஈரமாகப் பளபளத்த போர்டில் ஒரே ஒரு இடம் மட்டும் முதலில் காய்ந்தது. அரிசியில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பழுப்புத் துண்டு.

அப்பா குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார். “இதன் பெயர் என்ன?”

“கெபாசிட்டர் ஐயா.”

“மின்தேக்கி” என்று அப்பா மெல்லச் சொல்லிக்கொண்டார்.

அந்த வகை மின்தேக்கிக்குள் மெல்லிய உலோகத் தகடுகளும் பீங்கான் அடுக்குகளும் மாறி மாறி இருக்கும். போர்டு சற்று வளைந்தாலோ, சூடேறிச் சூடேறித் தணிந்தாலோ பீங்கானில் கீறல் விழும். தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அவ்வளவுதான். ‘மதர்போர்டு போய்விட்டது’ என்பதன் முழுப் பொருள் இது. வெங்காற்றால் அதை எடுத்தார், மீட்டர் அடங்கியது. சுவரில் தொங்கிய ஒரு செத்த போர்டிலிருந்து அதே மதிப்புள்ள ஒன்றைப் பெயர்த்து வைத்தார். பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. நாற்பது நிமிடம், 1,800 ரூபாய். மூன்று மாத உத்தரவாதத்தைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்.

ஸ்டுட்கார்ட்டில் இந்த வேலையைச் செய்பவரைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். ஒன்று, அஞ்சலில் வேறு நகரத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். இல்லையென்றால் கூலியே புதிய கணினியின் பாதி விலைக்கு வந்துவிடும். அங்கே அருகிப்போன ஒரு கைத்தொழில் இங்கே மாடிப்படிகளின் மேலே உயிரோடு இருக்கிறது. படிப்புச் சான்றிதழ் இல்லாமல், இதே தெருவில் இன்னொருவரிடம் உட்கார்ந்து கற்றது என்று அவர் சொன்னார். இதைத் தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்கள் முறையான பாடமாக எடுத்து நடத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஹார்டு டிஸ்க் பழுதின்றி இருந்தது. சொற்களும் இருந்தன. ஆனால் அதே வட்டில் கணினியைத் திரும்ப ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு அது. எங்கோ கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்க, ஊசி நகர்ந்து வட்டு சுழன்று வரப் பத்து மில்லி வினாடிக்கு மேல் ஆகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இல்லை. பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் திட்டவேண்டியது செயலியை அல்ல, இந்த வட்டைத்தான். 512 ஜிபி எஸ்எஸ்டி புதிதாக, பில்லோடு, 4,600 ரூபாய்க்கு வாங்கினேன்.

ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், வாங்கும்போதுதான் மலைத்துப்போனேன். தம்பி போன ஆண்டு 1,600 ரூபாய்க்கு வாங்கிய அதே 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் அன்று 5,200. கடைக்காரர் காலை விலையை அழித்து மாலை விலையை எழுதிக்கொண்டிருந்தார். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம். அதனால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய உற்பத்தியாளர்களின் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மைக்ரான் 2025 டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. நான் பழைய ரேம் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். ரேமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. ஓர் இரவு முழுவதும் சோதனை நிரலை ஓட்டிப் பிழை வரவில்லை என்றால் நம்பலாம். எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். அதன் நினைவணுக்கள் எழுத எழுதத் தேய்பவை.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, 8ஆம் தலைமுறைச் செயலி வேண்டும். அப்பாவுடையது 7ஆம் தலைமுறை. பாதுகாப்புக்குத் தேவை என்று சொல்லப்படும் டிபிஎம் 2.0 (மறைகுறிச் சாவிகளைக் காக்கும் வசதி) அதில் இருக்கிறது, ‘செக்யூர் பூட்’ (கணினி தொடங்கும்போதே போலி நிரலைத் தடுக்கும் வசதி) என்பதும் இருக்கிறது. செயலியின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்றாலும், அதிலும் ஊருக்கு ஒரு விதி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் எனக்கு அது இலவசம். இந்தியாவில் இருக்கும் அப்பா கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துச் சேமிக்க வேண்டும், அல்லது அந்த நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் சேர்த்து ஈடுகட்ட வேண்டும், அல்லது 30 டாலருக்கு நிகரான தொகை கட்ட வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. அதனால் அங்கே நிபந்தனை தளர்ந்தது. இங்கும் அப்படிக் கேட்க வேண்டும்.

கீழ்த்தளக் கடை ஒன்றில் “800 ரூபாய்க்கு 11 போட்டுத் தருகிறேன், ஆபீஸும் சேர்த்து” என்றார்கள். தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவுவது, உரிமத்தை உடைக்கும் நிரலோடு தருவது. தயவுசெய்து வேண்டாம். அந்த உடைக்கும் நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. அந்தக் கணினியில்தான் உங்கள் பெற்றோர் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். இன்னொன்று: விண்டோஸ் 10 நிறுவப்பட்டு வந்த மடிக்கணினி என்றால் அதன் உரிமம் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் தானாகவே செல்லுபடியாகும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நான் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 நிறுவினேன். 2029 வரை புதுப்பிப்புகள் வரும். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “தமிழ்99 இருக்கிறதா?” இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான அந்த விசைப்பலகையில் இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். இருபது ஆண்டுகளாக அவர் விரல்கள் அதில் ஊறிப்போனவை. முதல் பக்கத்தை நிற்காமல் அடித்து முடித்துவிட்டார்.

ஆனால் 2010க்கு முன் அவர் தொகுத்த கோப்புகளைத் திறந்தபோது ஐரோப்பிய எழுத்துக் குப்பை மட்டும் தெரிந்தது. அவை டேப் (TAB) என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் அடித்தவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் அதை இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. பழைய முறையில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் சேமிப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. நிரல் இந்த வரிசையைத்தான் திருப்பிப் போடுகிறது. பொங்கல் அன்று இரவு நானும் அப்பாவும் சேர்ந்து நூறு நூறு சொற்களாகச் சரிபார்த்தோம். எங்கெல்லாம் ஆங்கிலச் சொல் நடுவில் கலந்திருந்ததோ அங்கெல்லாம் பிழை விழுந்திருந்தது. மற்றவை தப்பின. ‘கொழுமுனை’ என்ற சொல் திரையில் எழுந்து வந்தபோது அப்பா அதை உரக்கப் படித்தார். கோப்புகளின் ஒரு படி பழைய ஹார்டு டிஸ்க்கில், ஒரு படி என்னிடம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மறுபடியும் அந்த மாடிக்குப் போய்க் கணினி நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன். சுற்று வரைபடம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டேன். நிறுவனங்கள் தருவதில்லை, தெருவில் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதுதான் என்றார். 2022 டிசம்பரில் இந்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அந்தத் துணிச்சலில் அப்பாவின் கணினியைச் செய்த நிறுவனத்துக்கு அன்றிரவே கடிதம் எழுதி, உத்தரவாதம் முடிந்த இந்த மாடலின் வரைபடத்தைக் கேட்டேன். அருகிலுள்ள சேவை மையத்தின் முகவரி பதிலாக வந்தது. 590 ரூபாய் கட்டிய அதே மையம். இரண்டாவது கடிதத்தையும் எழுதிவிட்டேன்.

விடைபெறும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உங்கள் ஊரில் செத்த போர்டு கிடைத்தால் தூக்கி எறியவிடாதீர்கள் அக்கா, கொண்டுவாருங்கள்.” திரும்பி வந்த மூன்றாம் வாரத்தில் அலுவலகத்தில் கேட்டு ஐந்து போர்டுகள் சேர்த்திருக்கிறேன். நிலைமின் தடுப்பு உறையில் சுற்றி, மாடல் எண்ணை எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறேன்.