பழைய ஜிடி 710, புதிய உபுண்டு: பத்து மாத அனுபவம்

என்னிடம் இருப்பது என்விடியாவின் ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு, அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்பும் கார்டு. 2 ஜிபி, விசிறி இல்லாத மாடல், இழுப்பதே 19 வாட்தான். 2017-இல் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். கேம் விளையாட வாங்கவில்லை. டிடிபி வேலைக்கு இரண்டு மானிட்டர் வேண்டியிருந்தது; மதர்போர்டில் ஒரே ஒரு விஜிஏ போர்ட். ஒரு திரையில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளின் ஸ்கேன், இன்னொன்றில் பக்கம் வடிவமைக்கும் ஸ்க்ரைபஸ் புரோகிராம். இப்படி எட்டு வருடம் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் என்று எல்லாம் இந்தக் கார்டின் வழியாகத்தான் போயிருக்கின்றன. சத்தமில்லை, சூடில்லை. எனக்கு இது போதும் என்பதில் இன்றும் மாற்றமில்லை.

சிக்கல் தொடங்கியது 2025 மே மாதம். நான் வைத்திருந்தது லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டு 20.04. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் மே மாதத்தோடு முடிகிறது. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், போட்டோ எல்லாம் வந்து போகிற மெஷின். அப்டேட் இல்லாமல் இணையத்தில் வைக்க மனம் வரவில்லை. 20.04-இலிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது, நடுவில் 22.04-இல் இறங்கி ஏற வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் முழு பேக்கப் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

22.04 ஏறி முடிந்து ரீபூட் ஆனது. இரண்டாவது மானிட்டரில் 'நோ சிக்னல்'. முதல் மானிட்டரில் படம் வந்தது, ஆனால் 1024-க்கு 768 அளவில், ஐகான்கள் எல்லாம் ஊதிப் பெருத்து, எழுத்தின் ஓரங்கள் மங்கலாக. ஸ்க்ரைபஸில் ஒரு டெக்ஸ்ட் ஃபிரேமைப் பிடித்து நகர்த்தினால் மவுஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபிரேம் பின்னாலேயே வருகிறது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கம் போய்ப் பார்த்தேன். கிராபிக்ஸ் என்ற வரியில் கார்டின் பெயர் இல்லை, 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது.

இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் இது தெரிந்தால், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதன் வேலையையும் சேர்த்து பிராசசர் தலையில் சுமந்து படம் வரைகிறது என்று பொருள். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை என்பதற்கு இதைவிட நேரான அடையாளம் இல்லை.

அங்கேயே நின்று காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். அடுத்த படி ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்து அன்றிரவே 24.04-க்கும் போனேன். அதே மங்கல் திரை.

வைகாசி முகூர்த்த நேரம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே போன். "அண்ணே, மண்டபத்துல பேரு வைக்கிற போர்டுக்கும் இதே டிசைன்தான் கேக்குறாங்க. மதியத்துக்குள்ள புரூஃப் அனுப்பிருவீங்கல்ல?" அனுப்பிவிடுகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு, அந்த மங்கல் திரையிலேயே அழைப்பிதழை முடித்து அனுப்பினேன். ஒரு மணி நேர வேலை மூன்றரை மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை மெஷினை ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினார், கார்டைத் துடைத்துப் போட்டார், மறுபடி அதே திரை. "சார், கார்டு போயிருச்சு. புதுசு ஒண்ணு போட்டுரலாம்" என்றார்.

கார்டு போகவில்லை என்பது எனக்கு அங்கேயே தோன்றியது. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் திரையும், அடுத்து எதை பூட் செய்வது என்று கேட்கும் க்ரப் மெனுவும் இதே கார்டின் வழியாகத்தான் மானிட்டருக்கு வருகின்றன. அவை கோடு, புள்ளி எதுவும் இல்லாமல் பளிச்சென்று வந்தன. மெமரி கெட்ட கார்டு என்றால் பெரும்பாலும் அங்கேயே நிறம் சிதறும். பயாஸ் சுத்தமாக வந்து, ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறிய பிறகு மட்டும் கெடுகிறது என்றால், பணத்தை எடுக்கும் முன் டிரைவரைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

வீட்டுக்கு வந்து சிஸ்டத்தின் லாக் பதிவேட்டைத் திறந்தேன். 2021 இறுதியில், யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து, உபுண்டுவின் களஞ்சியத்தில் (உபுண்டுவே பேக்கேஜ்களைத் தரும் இடம்) உள்ள டிரைவரை விட்டுவிட்டு, என்விடியாவின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய 'ரன்' கோப்பைக் கொண்டு 470.82 டிரைவரைப் போட்டிருந்தேன். அப்போதே டிகேஎம்எஸ்ஸில் பதிந்துகொள்ளவா என்று கேட்டதற்குச் சரி என்றிருந்தேன். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு முறை கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மாறும்போதும், அதற்குள் ஏறும் டிரைவர் துண்டான மாட்யூலைப் பின்னணியில் புதிதாகக் கம்பைல் செய்து தரும் ஏற்பாடு. மூன்றரை வருடம் அது எனக்குத் தெரியாமலே வேலை செய்துகொண்டிருந்தது. இந்த முறை தோற்றுவிட்டது. தோற்றதற்கான காரணம் அதன் மேக் லாக் கோப்பில் இருந்தது: பிடிஇ டேட்டா என்ற ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல்) எங்கும் இல்லை என்று ஒரு வரி.

நடந்தது இதுதான். அந்த ஃபங்ஷன் பெயர் கர்னலில் பெரிய எழுத்துகளில் இருந்தது. 2022 மார்ச்சில் வந்த 5.17 கர்னலில் அதையே சிறிய எழுத்துகளாக மாற்றினார்கள். கர்னலுக்கு உள்ளேயே இருக்கும் டிரைவர்களில் எல்லாம் அதே கையோடு திருத்திவிட்டார்கள். வெளியே தனியாக இருக்கும் டிரைவரை அதன் சொந்தக்காரர்தான் திருத்த வேண்டும். 2021-இல் எழுதிய 470.82-க்கு 2022-இன் பெயர் எப்படித் தெரியும்? நான் 24.04 ஏறியபோது வந்திருந்த கர்னல் 6.11. இடைப்பட்ட காலத்தில் இதுபோல் இன்னும் பல மாற்றங்கள், 6.5-இல் மெமரிப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் ஒரு ஃபங்ஷனிலிருந்து ஓர் ஆர்கியுமென்டையே (அதற்குக் கொடுக்கும் உள்ளீட்டையே) எடுத்துவிட்டார்கள்.

லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகம் நிலையாக இருக்காது என்பது கர்னலின் ஆவணங்களிலேயே வெளிப்படையாக எழுதி வைத்த கொள்கை. பயனர் புரோகிராம்களுக்குத் தரும் வாக்குறுதி வேறு, அது உடையாது. பத்து வருடத்துக்கு முந்தைய புரோகிராம் இன்றும் ஓடும். ஆனால் கர்னலுக்குள் நுழைந்து உட்காரும் மாட்யூலுக்கு அந்த வாக்குறுதி இல்லை. கர்னல் நடந்துகொண்டே இருக்கும், கூடவே நடப்பவர்தான் பிழைக்க முடியும். ஜிடி 710 கெப்ளர் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470. அந்த வரிசையின் கடைசி வெளியீடு 2024-இல் வந்த 470.256.02. அத்தோடு டிரைவர் நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு எல்லாம் தெளிவானது.

சரி செய்யும் வேலை எளிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், முதலில் ரன் கோப்பு போட்டதை அதன் சொந்த நீக்கியைக் கொண்டே நீக்கினேன். இந்த வரிசை முக்கியம். பழையதை அப்படியே வைத்துவிட்டு மேலே களஞ்சியத்து டிரைவரைப் போட்டால் இரண்டின் கோப்புகளும் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். பிறகு உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து 470 பேக்கேஜை டிகேஎம்எஸ்ஸோடு போட்டேன். அதில் கர்னல் மாற்றங்களுக்கான ஒட்டுகள் (பேட்ச்) சேர்த்திருப்பார்கள். கம்பைல் எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்தது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, எதற்கு என்று முழுதாகப் படிக்காமல் ஒன்றைக் கொடுத்தேன். ரீபூட்.

மறுபடி எல்எல்விஎம்பைப்.

மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தபோது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்போதுதான் கடையில் பயாஸ் பேட்டரியைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பி, நான் எப்போதோ அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் மறுபடி ஆன் ஆகியிருந்தது. செக்யூர் பூட் இருந்தால், கையெழுத்திடாத, அல்லது தனக்குத் தெரியாத சாவியால் கையெழுத்திட்ட எந்த மாட்யூலையும் உபுண்டுவின் கர்னல் ஏற்காது. டிகேஎம்எஸ் நம் மெஷினிலேயே ஒரு சாவி செய்து அதனால் கையெழுத்திடுகிறது. அந்தச் சாவி நம்முடையதுதான் என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த பாஸ்வேர்டு.

சொல்ல வேண்டிய இடம் ரீபூட் ஆனதும் வரும் நீலத் திரை. பத்து விநாடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டாவிட்டால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும். முதல் முறை நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். சாவிப் பதிவை மறுபடி கோரிவிட்டு, இந்த முறை திரை முன்னாலேயே உட்கார்ந்தேன். நீலத் திரை வந்தது. பட்டனைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, தொடர்க, ஆம், பாஸ்வேர்டு, ரீபூட். இரண்டு மானிட்டரும் ஒன்றாக எரிந்தன. இரவு பதினொன்றே முக்கால். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லையென்றால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போதுமே என்று பலரும் சொல்வார்கள். போதும்தான். ஆனால் இன்னொரு முறை பயாஸ் பேட்டரி தீர்ந்தால் அதே இருட்டில் நிற்போம். சாவியைப் பதிந்து வைப்பதே எனக்கு நிம்மதி.

அதற்குப் பிறகான பத்து மாதத்தில் எடுத்த முடிவுகளில் முக்கியமானது கர்னலைப் பற்றியது. 24.04-இல் இரண்டு கர்னல் வரிசைகள் உண்டு. ஒன்று வெளியீட்டின்போதே வந்த 6.8, அது 24.04-இன் ஆயுள் முழுக்க அப்படியே பாதுகாப்புத் திருத்தங்களோடு நிற்கும். இன்னொன்று புதிய வன்பொருள்களுக்காக அவ்வப்போது ஏறும் வரிசை. 2025 தொடக்கத்தில் 6.11, ஆகஸ்டில் 6.14. நான் மே மாதமே 6.8-க்கு மாறி, ஏறும் வரிசையின் பேக்கேஜை நீக்கிவிட்டேன். நின்றுவிட்ட டிரைவருக்கு நிற்கும் கர்னல்தான் துணை. 24.04-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதுவரை என் கார்டுக்கும் வாழ்வு உண்டு. இந்தப் பத்து மாதத்தில் எத்தனையோ சிறு கர்னல் திருத்தங்கள் வந்தன, ஒன்றில்கூடத் திரை போகவில்லை.

வேலண்ட் பற்றி. திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய ஏற்பாடு வேலண்ட், பழையது எக்ஸ்11. 470-இல் வேலண்ட் டெஸ்க்டாப்புகள் பொதுவாக எதிர்பார்க்கும் ஜிபிஎம் என்ற வசதி இல்லை, அது 495 வரிசையில்தான் வந்தது. ஆகவே நான் எக்ஸ்11 அமர்வில்தான் இருக்கிறேன். டிடிபி வேலைக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. தமிழ்99 தட்டச்சும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக எல்லாப் புரோகிராமிலும் ஒழுங்காக வருகிறது. வீடியோ பார்க்கும்போது படத்தின் குறுக்கே ஒரு கிழிசல் தெரிந்தது. டிரைவர் செட்டிங்ஸில் முழு கம்போசிஷன் பைப்லைனைக் கட்டாயமாக்கியதும் போய்விட்டது.

ஆனால் இந்த எக்ஸ்11-தான் எதிர்காலக் கேள்வி. 2025 அக்டோபரில் வந்த 25.10-இல், உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமின் எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டார்கள். 2026 ஏப்ரலுக்கான 26.04-இலும் அதே நிலைதான். எனவே இந்தக் கார்டும் 470 டிரைவரும் வழக்கமான உபுண்டு டெஸ்க்டாப்பும் சேர்ந்து இருக்கும் கடைசி நீண்ட கால (எல்டிஎஸ்) வெளியீடு 24.04.

அதற்குப் பிறகு என்ன என்று டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் 25.10-ஐப் போட்டு, எதையும் நிறுவாமல், நூவோ டிரைவரோடு ஓட்டிப் பார்த்தேன். நூவோ கர்னலுக்கு உள்ளேயே இருக்கும் திறந்த மூல டிரைவர். பிடிஇ டேட்டா மாதிரி பெயர் மாறினால் மாற்றியவரே இதையும் திருத்திவிடுவார். இரண்டு மானிட்டரும் தானாக எரிந்தன, வேலண்டும் வந்தது. கார்டு பூட் ஆகும்போது உள்ள குறைந்த வேகத்திலேயே நிற்கிறது. கெப்ளரில் அதைக் கையால் உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது, தானாக உயராது. முந்நூறு பக்க மலர் ஒன்றை ஸ்க்ரைபஸில் திறந்து உருட்டினேன். கொஞ்சம் கனம் தெரிந்தது, ஆனால் வேலை செய்ய முடியாத அளவில் இல்லை. வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். என் போன்ற பக்கம் கோக்கும் வேலைக்கு 2029-க்குப் பிறகு நூவோ போதும் என்று நம்புகிறேன்.

ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி. 590-இல் அந்த ஆதரவு இல்லை. கெப்ளருக்கு நடந்தது இப்போது உங்கள் வாசலில் நிற்கிறது. பட்டியலில் பெரிய எண்ணாக இருக்கிறதே என்று புதியதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 580-ஐப் பேக்கேஜாகப் போட்டு, அங்கேயே நிறுத்துங்கள்.

என் அக்கா பையன் மெஷினில் இருப்பது 1050 டிஐ. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, "மாமா, அப்டேட் காட்டுது, போடவா?" என்றான். இருவரும் உட்கார்ந்து 580-இலேயே நிற்கும்படி செய்தோம், சாவியையும் பதிந்தோம், நீலத் திரையில் அவனையே பட்டனைத் தட்டச் சொன்னேன். என் கேபினட்டின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கும் சீட்டைப் பார்த்து அவனும் ஒன்று எழுதி ஒட்டிக்கொண்டான். என்னுடையதில் 470, கர்னல் 6.8, ரன் கோப்பு வேண்டாம் என்று இருக்கும். அவன் 580 என்று மாற்றி எழுதி, கீழே அன்றைய தேதியும் போட்டிருக்கிறான்.