மரமா, தடுப்பா, திறந்தவெளியா: நெடுஞ்சாலை ஓரத்துக்கு எது ஏற்றது?

நெடுஞ்சாலை ஓரத்தை என்ன செய்வது என்பதில் மூன்று யோசனைகள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன: மர வரிசை, தடுப்பு, இடையூறே இல்லாத திறந்தவெளி. ஓட்டுநரின் போக்கை எது எப்படி மாற்றுகிறது என்பது ஒரு கேள்வி. அவர் தவறிவிட்டால் எது அவரைப் பிழைக்க விடுகிறது என்பது வேறொரு கேள்வி. பெரும்பாலான வாதங்களில் முதல் கேள்விக்கான விடையே இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லப்பட்டுவிடுகிறது.

மரங்களுக்கு ஆதரவான வாதத்தில் உண்மை இருக்கிறது. அருகில் நிற்கும் நெட்டுக்குத்தான பொருள்கள் கடைக்கண்ணில் விரைந்து பின்னோக்கி ஓடுவதால் வேகத்தின் உணர்வு கூடுகிறது. திறந்தவெளியிலோ மணிக்கு 100 கி.மீ. வேகம்கூட மந்தமாகத் தோன்றும். ஆனால் கண்ணயர்ந்துவிட்ட ஓட்டுநருக்கு மரம் எந்த எச்சரிக்கையும் தராது. வேகத்தை 100-இலிருந்து 90 ஆகக் குறைத்தால் மோதலின் ஆற்றல் 19 விழுக்காடு குறையும் என்பது கணக்கு. இருப்பினும், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், காரைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 25 செ.மீ. தடிமனுள்ள கம்பத்தில் மோதவைத்துச் சோதிக்கும் வேகம் மணிக்கு 32 கி.மீ. மட்டுமே, 90 கி.மீ. வேகத்தில் அதைப் போல ஏறத்தாழ 8 மடங்கு ஆற்றல் இருக்கும். ஓட்டுநரைச் சற்று நிதானப்படுத்துவதற்கு இது மிக அதிக விலை.

திறந்தவெளிக்கான அடிப்படை 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைத் தளத்தில் கிடைத்தது: சாலையை விட்டு விலகிய வாகனங்களில் சுமார் 80 விழுக்காடு 9 மீட்டருக்குள் கட்டுக்குள் வந்துவிட்டன. பாதுகாப்பு கூடினால் துணிச்சலும் கூடும் என்பது இதற்கு எதிராக எழும் ஆட்சேபம்; 1975-இல் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் வாகனப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி முன்வைத்த வாதத்தின் நீட்சி அது. அந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் துணிச்சலால் மட்டுமே வாகனங்கள் சாலையை விட்டு விலகுவதில்லை. நிலம் மலிவாக இல்லாத இடங்களில் இந்த யோசனை செலவிலேயே தோற்றுவிடும் என்பதுதான் உண்மையான குறை.

தடுப்புகள் வேகத்தைவிட வாகனம் ஓடும் இடத்தையே அதிகம் மாற்றுகின்றன. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்பவர், சாலை விளிம்பிலிருந்து சுமார் 2.4 மீட்டருக்குள் சுவர் தென்பட்டால் தன்னையறியாமல் எதிர்ப்பக்கம் ஒதுங்குவார். பக்கத்துத் தடத்தில் லாரி வந்தால் அந்த ஒதுக்கமே புதிய ஆபத்து. ஆகவே கான்கிரீட் சுவரைச் சாலை விளிம்பை ஒட்டிக் கட்டுவது, இடமே இல்லாத பாலங்களைத் தவிர வேறெங்கும் சரியான தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. சாய்ந்த கோணத்தில் உரசும் வாகனத்தை அது திருப்பிவிடும். கூடுதல் கோணத்தில் மோதினால் அதிர்ச்சி முழுவதும் பயணிகளுக்கே. தூண்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிவடத் தடுப்பு வளைந்துகொடுத்து அந்த அதிர்ச்சியை உள்வாங்கும். ஆனால் அதன் பின்னால் சில மீட்டர் காலியிடம் தேவை. சுவீடன் 1998 முதல் இரு திசைப் போக்குவரத்துக்கு நடுவே இத்தகைய கம்பிவடங்களைப் பொருத்தியபோது உயிரிழப்புகள் பெருமளவு குறைந்தன. ஓட்டுநர்கள் மெதுவாகச் சென்றதால் அல்ல, எதிர்த்திசைக்குள் புக முடியாமல் போனதால். இருசக்கர வாகன ஓட்டிகள் அதன் தூண்களைக் கண்டு அஞ்சுவதும் நியாயமே.

நிலம் இருந்தால் திறந்தவெளி, சரிவும் பள்ளமும் உள்ள இடத்தில் வளையும் தடுப்பு என்பதே என் தேர்வு. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரங்களை வெட்ட வேண்டியதில்லை. அவற்றின் முன்னே இரும்புத் தடுப்பு வைக்கலாம். ஆனால் மோதும்போது அது பின்னோக்கி வளைய ஏறத்தாழ 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் வாகனம் தடுப்போடு சேர்ந்து மரத்தில்தான் போய் மோதும்.