துருக்கி விகுதிகள்: இரண்டு வடிவமா, நான்கு வடிவமா?

பன்மை விகுதி இரு வடிவம்: லார், லெர். சொல்லின் கடைசி உயிர் நாக்கின் முன்பக்க ஒலியா, பின்பக்கமா என்று பார்த்தால் போதும். எவ் (வீடு) எவ்லெர் ஆகும். யொல் (வழி) யொல்லார் ஆகும். முதலில் இதைப் பழகுவதே நல்லது.

‘என்’ எனும் உடைமை விகுதி இதழ் குவிவதையும் பார்க்கும். அதனால் நான்கு வடிவம். எவிம் (என் வீடு), யொலும் (என் வழி) என்பவை அவற்றுள் இரண்டு. பாஷ் (தலை) என்பதற்கு வருவது இதழ் குவியாத உகரம். நம் குற்றியலுகரத்தை ஒலிப்பவருக்கு அது எளிதில் வரும். கடைசி வடிவத்துக்கு இகரத்தை இதழ் குவித்துச் சொல்ல வேண்டும்.

விகுதிமேல் விகுதி அடுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ‘என் வழிகள்’ என்பதில் யொல்லின் ஒகரத்தைப் பார்த்துக் குவிந்த உகரம் போடுகிறார்கள். விகுதி பார்ப்பது தனக்கு நேர் முன்னுள்ள உயிரை, அதாவது லாரின் ஆகாரத்தை. ஆகவே குவியாத உகரமே சரி.