விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று அவசரப்படுத்துகிறவரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில் டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதிப் பத்திரிகை, தாலுகா ஆபீசுக்குப் போகும் மனு, எல்லாம் அடிப்பேன். 2025 அக்டோபரில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் என்னை ஏமாற்றினார். பணமாகப் போனது 7,700 ரூபாய். ஒன்பது வருட வேலை இருந்த ஹார்டு டிஸ்க் ஒன்பது நாள் என் கையை விட்டுப் போயிருந்தது. அதில் என் வேலை மட்டுமல்ல, ஊர்க்காரர்களின் ஆதார் நகல்களும் இருந்தன. இன்றுவரை என் மனசை அறுப்பது அதுதான்.

நடந்தது இப்படி. அக்டோபர் 16, வியாழக்கிழமை. பிரிண்டரில் தாள் சிக்குகிறது என்று கூப்பிட்டிருந்தேன். வந்தவர் ரோலரைத் துடைத்துவிட்டு, என் ஸ்கிரீனைப் பார்த்தார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பு அதில் நின்றது. "அக்கா, 14ஆம் தேதியோட இது முடிஞ்சு போச்சு. இனிமே பேங்க் சைட் எதுவும் திறக்காது. ரெண்டு மாசத்துல சிஸ்டமே நின்னுடும்" என்றார். புதிதாக வாங்கினால் 48,000 ஆகும், இல்லையென்றால் இதிலேயே விண்டோஸ் 11 போட்டு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்) மாற்றித் தருகிறேன் என்றார். "உள்ள இருக்கிற ஃபைலெல்லாம், தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்படியே இருக்கும்க்கா."

நாலு நாளில் தீபாவளி. கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஆறு பத்திரிகை பாக்கி. சிஸ்டம் நின்றுவிடும் என்று கேட்டதும் பயந்துவிட்டேன். கேபினெட்டைத் தூக்கி அவர் பைக்கில் வைத்துக் கட்ட நானே கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் உண்மை ஒன்றே ஒன்றுதான். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மற்றதெல்லாம் தவறு. ஆதரவு முடிந்தது என்றால் புதிய பாதுகாப்பு அப்டேட்டுகள் வராது என்று பொருள். கம்ப்யூட்டர் நிற்காது, ஃபைல் போகாது, பேங்க் சைட் மறுநாள் காலையில் மூடிக்கொள்ளாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. குரோம் அதைக் கைவிட்டது 2023 பிப்ரவரியில்தான். விண்டோஸ் 10-இல் எட்ஜ் பிரவுசருக்கும், கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அதற்காக இப்படியே பல வருடம் நெட்டில் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டை அடைபடாத ஓஎஸ்ஸில் (கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளில்) பணம் அனுப்புவது ஆபத்துதான். ஆனால் யோசிக்க நேரம் இருந்தது. அந்த நேரம் இருக்கிறது என்பதைத்தான் அவர் என்னிடமிருந்து மறைத்தார்.

அந்த நேரத்துக்கு ஒரு பெயரும் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட், சுருக்கமாக இஎஸ்யூ. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. அப்படி வேண்டாம் என்றால் 30 டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர்ப் பணம். என் வீட்டு லேப்டாப்பை இதில் சேர்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்டோபர் 16 அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கயிற்றை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டம் வந்தது. வேகமாகத்தான் இருந்தது. எஸ்எஸ்டி 512 ஜிபி 4,200, விண்டோஸ் 2,000, ஒரு வருட ஆன்டிவைரஸ் 900, சர்வீஸ் 600 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டேன். "கடையில வந்து வாங்கிக்கங்கக்கா" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திறந்து பார்த்தால் என் வேலையெல்லாம் வைத்திருந்த டி டிரைவே இல்லை. டெஸ்க்டாப்பில் "ஓல்டு டேட்டா" என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த சில ஃபைல்கள் மட்டும். பத்திரிகை டிசைன்கள், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்கள், பாமினியும் மற்ற பழைய எழுத்துருக்களும் வைத்திருந்த ஃபோல்டர், வருடவாரியாக அடுக்கியிருந்த மனுக்கள், ஒன்றும் இல்லை. போன் போட்டேன். காப்பி ஆகியிருக்கும், தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்றார். பழைய ஹார்டு டிஸ்க் எங்கே என்றேன். கடையில் இருக்கிறது, எஸ்எஸ்டி மாற்றினால் பழையதை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம் என்றார். எந்த ஊர் வழக்கம் அது? என் டிஸ்க், என் காசில் வாங்கியது. அதை எடுத்துக்கொள்ளும்படி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீபாவளிக்கு என் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இதை நீங்களும் உங்கள் சிஸ்டத்தில் பார்க்கலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். அங்கே, உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. "எந்த நிறுவனம், அத்தை?" என்றான். கடையில் நான் ஒருத்திதான். பெரிய ஆபீஸ்களில் உள்ளேயே ஒரு சர்வர் வைத்து நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு உரிமம் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, கேஎம்எஸ் என்பார்கள். ஒரு தடவை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் நிற்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். திருட்டு விண்டோஸ் போடுகிறவர்கள் அந்தச் சர்வர் மாதிரி நடிக்கும் ஒரு புரோகிராமை நம் சிஸ்டத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அதை ஆன்டிவைரஸ் பிடித்துவிடக் கூடாது என்று டிஃபெண்டரில் விலக்குப் பட்டியல் ஒன்றில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுகிறார்கள். என் சிஸ்டத்தில் அந்தப் பட்டியலில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. திருடனை வீட்டுக்குள் விட்டு, அந்த அறைப் பக்கம் போகாதே என்று காவல்காரனுக்கும் சொல்லி வைத்த மாதிரி.

இதில் எனக்கு அழுகையே வந்தது எங்கே என்றால், 2016-இல் நான் வாங்கியது ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோம். அந்த டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. அதே ஹோம் பதிப்பில் விண்டோஸ் 11 போட்டிருந்தால் அந்த உரிமமே செல்லும், தனியாக வாங்கத் தேவையில்லை. அவர் புரோ என்ற பதிப்பைத் திருட்டுத்தனமாகப் போட்டு, என்னிடம் இருந்த நல்லதற்குப் பதில் கெட்டதைக் கொடுத்து, அதற்கு 2,000 ரூபாயும் வாங்கியிருக்கிறார்.

அதோடு, என் சிஸ்டம் ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இல்லாத சிஸ்டத்தில் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ முடியும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. அப்டேட் வராது என்று பயமுறுத்தி, அப்டேட் வருமா என்றே தெரியாத ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிசி ஹெல்த் செக் என்று மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. உங்கள் சிஸ்டம் விண்டோஸ் 11-க்குத் தகுதியா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். யாரையும் கேட்பதற்கு முன் அதை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து எஸ்எஸ்டி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தான். அதில் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு வரும். புது டிஸ்க் என்றால் சில மணி நேரம் இருக்க வேண்டும். என்னுடையதில் 16,900-க்கு மேல். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் என்று வைத்தாலும் நாலரை வருடம் ஓடிய டிஸ்க். ஆரோக்கியம் 71 சதவீதம். இதற்கு 4,200 ரூபாய். ஒரு வருடம் என்று சொல்லிக் கொடுத்த ஆன்டிவைரஸும் 30 நாள் டிரயல்தான்.

தீபாவளி முடிந்து அவர் கடைக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அண்ணன் மகனும், பக்கத்துக் கடை அண்ணனும் கூட வந்தார்கள். டிஸ்க்கைக் கொடுத்தார். ஃபார்மேட் அடித்திருந்தது. வேறு யாருக்கோ போட்டுக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியால் அண்ணன் மகன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மீட்டான். மேலோட்டமாக அழிக்கும் குவிக் ஃபார்மேட் என்பதால் நிறையவே வந்தது. ஆனால் அந்தக் கருவி பழைய பெயர்களைத் திருப்பித் தராது; ஒரு எழுத்தும் நீளமான எண்ணுமாக ஆயிரக்கணக்கான ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, இது இன்னார் வீட்டுப் பத்திரிகை, இது இன்னாருடைய பட்டா மனு என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறேன். பேஜ்மேக்கர் ஃபைல்கள் பாதிதான் கிடைத்தன. இப்படி வந்தவற்றில் ஆதார் அட்டை ஸ்கேன்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. எங்களாலேயே இரண்டு ராத்திரியில் எடுக்க முடிகிறது என்றால், அந்த ஒன்பது நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே. வேலை முடிந்ததும் ஸ்கேன்களை அழிக்காமல் வைத்திருந்தது என் தவறு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, எந்த ஓஎஸ்ஸுக்குப் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது நிதானமாக முடிவெடுத்தேன். அண்ணன் மகன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக் கொடுத்தான். அதிலிருந்தே சிஸ்டத்தை ஆரம்பித்துப் பயன்படுத்திப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. லைவ் என்பார்கள். மாறலாமா வேண்டாமா என்று குழம்புகிற எல்லாரும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் என் பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் டைப்பிங் எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பார்த்தேன். தமிழ்99-உம் உண்டு, நான் லோயர், ஹையர் தேர்வு எழுதிய பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் உண்டு. மனு அடிக்க லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பாமினியை நிறுவினால் பழைய ஃபைலும் படிக்க முடிகிறது. பேஜ்மேக்கர்தான் ஓடவில்லை. லிப்ரே ஆபீஸ் அந்த ஃபைலைத் திறக்கிறது, ஆனால் வரிகள் இடம் மாறி, பூ பார்டர் எல்லாம் சிதறிப்போகிறது. கடையில் வைத்திருக்கும் விரல்ரேகைக் கருவிக்கும் விண்டோஸ்தான் தேவைப்பட்டது. டேலி வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கிறவர்களும் இதை நன்றாகச் சோதித்த பிறகே மாற வேண்டும்.

கடைசியில் அந்த ஆறாம் தலைமுறை சிஸ்டத்தில் திருட்டு விண்டோஸை அழித்து, வேறு புது எஸ்எஸ்டியில் மின்ட் 22 போட்டுக்கொண்டேன். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. பேஜ்மேக்கருக்கும் விரல்ரேகைக்கும் கடையில் இருக்கும் இரண்டாவது சிஸ்டம். பத்திரிகை அடிக்கும்போது நெட் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவேன். விரல்ரேகை வேலைக்கு மட்டும் மாட்டுவேன். அந்த ஏற்பாடு எனக்கு இன்னும் திருப்தியில்லை. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அந்த ஒரு வேலைக்கு விண்டோஸ் 11-க்குத் தகுதியான சிஸ்டம் வாங்க வேண்டும்.

வெளியில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், டேட்டாவை முதலில் நீங்களே வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். முடிந்தால் கடையிலேயே, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் ஆக்டிவேஷன் பக்கத்தையும் டிஸ்க் ஓடிய மணி நேரத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பில். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் கைவசம் இருக்கின்றன. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.

மீட்ட ஸ்கேன்களிலிருந்து பெயர் தெரிந்தவர்கள் 43 பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்து நடந்ததைச் சொல்லி, எம்ஆதார் செயலியில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கச் சொல்கிறேன். சிலர் கோபப்பட்டார்கள், கோபப்பட வேண்டியதுதான். பத்துப் பதினைந்து பேர் வயசானவர்கள், ஆண்ட்ராய்டு போனும் இல்லை. அவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் கடையை மூடிவிட்டு நேரில் போய்க்கொண்டிருக்கிறேன்.