பையிலேயே காய்த்த தைவான் பிங்க் கொய்யா: இரண்டு வருடம் வளர்த்த பிறகு

நர்சரியில் கறுப்புப் பையில் நின்ற கன்றிலேயே இரண்டு காய் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் விழுந்தேன். தைவான் பிங்க் இரண்டு, லக்னோ 49 என்ற இன்னொரு கொய்யா ரகம் ஒன்று, தலா 150 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

தைவான் பிங்க் சீக்கிரம் காய்க்கும் என்றார்கள், அது பொய்யில்லை. வைத்த ஏழாவது மாதமே காய், அதுவும் பெரிய காய், அறுத்தால் இளஞ்சிவப்பு. ஆனால் பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. மழைக்காலத்தில் பறித்ததெல்லாம் வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருந்தது, வெயிலில் பழுத்தது பரவாயில்லை. லக்னோ 49 இரண்டாம் வருடம்தான் காய் பிடித்தது. வெள்ளைச் சதைதான், ஆனால் ஒரு பழம் பழுத்தால் கொல்லைக் கதவைத் திறக்கும்போதே வாசனை சொல்லிவிடும். வீட்டில் இப்போது அதற்குத்தான் சண்டை.

சரி, குறைக்கு வருகிறேன். தைவான் பிங்கில் ஒன்று இலை மஞ்சளாகி வாட ஆரம்பித்தது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. ஆயக்குடித் தோட்டங்களையும் படுத்துகிற அதே பிரச்சினை, கன்றோடு வரும் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடையில் கேட்டால், "உங்க மண்ணு சரியில்ல சார்" என்கிறார்கள். அதே மண்ணில்தானே லக்னோ 49 தளதளவென்று நிற்கிறது!

அதனால் வாங்கும்போது காயைப் பார்க்காதீர்கள், பையைக் கொஞ்சம் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். நூற்புழு அடங்கட்டும் என்று செத்த கன்றின் குழியில் வேப்பம்புண்ணாக்கு போட்டுச் செண்டுமல்லி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு அங்கே கொய்யா கிடையாது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், பறித்து முடித்ததும் கிளை நுனிகளைக் கவாத்து செய்துவிடுவேன். மாவுப்பூச்சிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளித்தால் அடங்குகிறது. பழ ஈதான் மோசம். வெளியே பளபளவென்று இருக்கும், பிட்டால் உள்ளே புழு நெளியும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் கவர் கட்டிவிடுகிறேன். அணில் மட்டும் கவரையும் கடித்துவிடுகிறது, அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு கன்று வாங்கப்போகிறேன். லக்னோ 49தான், வேறு கடையில்.